பிராது

தீபாவளி முடிந்த கையோடு அம்மாவை அழைத்துக்கொண்டு ஐந்து நாள் குமாயுன் மலைப்பக்கம் போய்வந்தேன். ஊரில் சொன்னபோது எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "கேதாரமா, பத்ரியா?" இரண்டும் இல்லை என்றதும் அவர்கள் முகம் கொஞ்சம் வாடிப்போனது. உத்தராகண்ட் என்றாலே நமக்கு அந்த இரண்டு பேர்தான் நினைவுக்கு வரும். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய கேதாரம். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய பத்ரி. ஆனால் அவை இருப்பது மாநிலத்தின் மேற்குப் பாதியான கட்வாலில். தீபாவளி கழிந்த இரண்டாம் நாள் கேதாரத்தில் நடை சாத்திவிடுவார்கள். அம்மாவுக்கு 67 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்திருக்கின்றன. வண்டி கோயில் வாசல்வரை போக வேண்டும், பனிமலை கண்ணில் பட வேண்டும், கூட்டத்தில் இடிபடக் கூடாது. இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் கிழக்குப் பாதியான குமாயுனைத் தேர்ந்தேன். பாடல் பெறாத கோயில்கள் உள்ள ஊர் அது.

பனிமலை பார்க்கத்தான் போனோம். பார்க்கவும் செய்தோம். ஆனால் இந்தக் கட்டுரை எங்கள் ஊர்க் கோயில் ஒன்றில் வந்து முடியப் போகிறது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

பழைய தில்லியில் இரவு ரயில் ஏறினால் விடிகாலையில் காத்கோதாம். காட் என்றால் மரக்கட்டை, கோதாம் நம் குடோன்தான். மலையிலிருந்து இறக்கிய மரங்களை அடுக்கிவைத்த கிடங்கு அப்படியே ஊர்ப்பெயராகிவிட்டது. 1884-ல் தண்டவாளம் இங்கே வந்து நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை, இன்றுவரை. அங்கிருந்து அல்மோராவுக்குக் காரில் மூன்றரை மணி நேரம். வழியில் கைஞ்சி என்றொரு இடம். கத்தரிக்கோல் என்று பொருள். சாலை அப்படித்தான் வெட்டி வெட்டித் திரும்புகிறது. அம்மா கொண்டைஊசி வளைவு ஒவ்வொன்றுக்கும் வாயில் ஒரு துண்டு நாரத்தங்காயை அடக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

வண்டி ஓட்டியவர் இருபத்தைந்து வயதுப் பையன், அல்மோராவுக்குப் பக்கத்து கிராமம். ஏறியதிலிருந்து அம்மாவைப் பார்த்து "ஆமா", "ஆமா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். டீக்கடையில் நிறுத்தி, "ஆமா, சாய்?" அம்மாவும் தலையாட்டி, "ஆமாம்ப்பா, குடு" என்பார். "இந்தப் புள்ளைக்கு எங்கருந்துடி தமிழ் தெரியும்?" என்று என்னிடம் கேட்டார். எனக்கும் புரியவில்லை. மத்தியானச் சாப்பாட்டின்போதுதான் அவரிடமே கேட்டேன். குமாயுனியில் 'ஆமா' என்றால் பாட்டி. அம்மாவை 'இஜா' என்பார்களாம். அதைச் சொன்னதும் அம்மா அந்தப் பையனைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது. பேரன் இல்லாத வீடு எங்களுடையது.

அந்தச் சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாலையோரத்தில் ஒரு வீட்டையே கடையாக்கியிருந்தார்கள். தட்டில் கறுப்பாக ஒரு ரொட்டி, குழம்பு மாதிரி ஏதோ ஒன்று, கீரை. அம்மா ரொட்டியைப் பிட்டு மோந்து பார்த்தார். "கேவுரு!" என்றார். மண்டுவா என்று அவர்கள் சொல்வது நம் கேழ்வரகேதான். குழம்பில் விரலை வைத்து நக்கி, "இது கொள்ளு. கொள்ளைக் கடைஞ்சிருக்காங்க" என்றார். அங்கே அது கஹத். சிறுநீரகக் கல்லுக்கு நல்லது என்று கடைக்காரம்மா சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். எங்கள் ஆயா சொன்னதும் அதையேதான். அடுப்புக்குப் பக்கத்தில் மூட்டையில் இருந்த சிறுதானியத்தைக் கையில் அள்ளிப் பார்த்து, "குதிரைவாலி" என்று மூன்றாவதையும் அடையாளம் சொல்லிவிட்டார். அவர்களுக்கு அது ஜங்கோரா. எங்கள் மானாவாரிக் கொல்லையில் நாற்பது வருடத்துக்கு முன் விளைந்து, பிறகு காணாமல்போன பயிர். கடைக்காரம்மாவும் என் அம்மாவும் ஆளுக்கொரு பிடி தானியத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு மொழியில் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் நடுவில் புகவில்லை.

அல்மோராவில் ஒரு இரவு. பால் மிட்டாய் வாங்கினோம். சுண்டக் காய்ச்சிய பால்கோவா பழுப்பு நிறத்தில், மேலே வெள்ளை மணி மணியாகச் சர்க்கரை உருண்டைகள். அதைவிட எனக்குப் பிடித்தது மாலு இலையைக் கூம்பாகச் சுருட்டி அதற்குள் கோவாவை வைத்துத் தரும் சிங்கோடி. இலை வாசம் இனிப்பில் இறங்கியிருக்கும்.

மறுநாள் காலையில் பித்தோராகர் சாலையில் எட்டொன்பது கிலோமீட்டர் போனதும் சித்தயி. கோலு தேவதாவின் கோயில். பயணத் திட்டத்தில் இதற்கு நான் கொடுத்திருந்தது அரைமணி நேரம். இரண்டரை மணி நேரம் இருந்தோம்.

வாசலிலிருந்தே மணிகள். விரல் நுனி அளவு மணி, குடம் அளவு மணி, புதுப் பித்தளை மினுமினுப்பு, பச்சை பூத்த பழசு. நடைபாதைக்கு மேல் கம்பிகளில், கைப்பிடிகளில், மரக்கிளையில், தூணில், ஒன்றின் மேல் ஒன்றாக. காற்றடித்தால் கனமான மணிகள் அசையாது. பொடிசுகள் மட்டும் கிணுகிணுக்கும். அந்த மணிகளுக்கு நடுவே தாள்கள். ஆயிரக்கணக்கில். நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள், தட்டச்சு செய்த தாள், நெகிழி உறையில் போட்ட தாள். இவற்றோடு முத்திரைத்தாள்களும். பத்து ரூபாய் பத்திரத்தில், நீதிமன்றத்தில் கொடுப்பது போலவே, எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

கோலு தேவதா நியாயத்தின் தெய்வம். அங்கே வரும் பலருக்கு நீதிமன்றம் எட்டாக்கை; அல்லது எட்டிப் பார்த்து அலுத்துப்போனவர்கள். தங்கள் வழக்கை எழுதிக் கொண்டுவந்து இவரிடம் கட்டிவிட்டுப் போகிறார்கள். நிலத்தகராறு, வராத சம்பளம், விட்டுப்போன புருஷன், தேர்வு, வேலை. காரியம் முடிந்தால் திரும்பி வந்து மணி கட்ட வேண்டும். அப்படியானால் தொங்கும் ஒவ்வொரு மணியும் முடிந்த ஒரு வழக்கு.

அவர் கதையைப் பையன் சொன்னார், நான் அம்மாவுக்குச் சொன்னேன். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும் கதை. சம்பாவத் பக்கத்து அரசருக்கு ஏழு ராணிகள், பிள்ளை இல்லை. எட்டாவதாகக் கட்டிய காளிங்கா பிள்ளை பெற்றாள். மூத்தவர்கள் குழந்தையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அம்மிக்கல்லை வைத்து, "நீ பெற்றது இதுதான்" என்று சொல்லிவிட்டார்கள். குழந்தையைப் பெட்டியில் அடைத்து ஆற்றில் விட்டார்கள். ஒரு செம்படவர் எடுத்து வளர்த்தார். பிள்ளை வளர்ந்தது. ஒருநாள் ராணிகள் குளிக்கும் துறைக்கு மரக்குதிரை ஒன்றைக் கொண்டுவந்து, தண்ணீர் குடி என்று அதன் வாயைத் தண்ணீரில் அழுத்தியது. ராணிகள் சிரித்தார்கள்: மரக்குதிரை எங்காவது தண்ணீர் குடிக்குமா? பையன் சொன்னான்: "ஒரு பெண் கல்லைப் பெற முடியுமென்றால், மரக்குதிரை தண்ணீர் குடிக்காதா?"

அம்மா, "அடேயப்பா" என்று கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். கோயிலுக்குள் இருப்பவர் வெள்ளைக் குதிரை மேல் அமர்ந்திருக்கிறார். "அய்யனாருடி இவரு" என்றார். மறுத்துச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

நான் ஒரு தப்பு செய்தேன். தாள்களில் ஒன்று ஆங்கிலத்தில் இருந்தது. கண்ணுக்கு நேராகத் தொங்கியது. படித்துவிட்டேன். ஒரு பெண்ணின் எழுத்து, என் வயதுதான் இருக்கும். பாதிக்கு மேல் போனபோது அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். "அடுத்தவங்க பிராதை படிக்கக் கூடாதுடி. வையி அதை." கையை விட்டேன். தாள் திரும்பி மணிகளுக்குள் போய்விட்டது. அதில் இருந்ததை இங்கே எழுதப் போவதில்லை.

பிராது என்ற சொல்லை அம்மா இருபது வருடத்துக்குப் பிறகு சொல்லிக் கேட்கிறேன். விருத்தாசலத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விருத்தாசலத்தை ஒட்டி மணவாளநல்லூர் என்ற ஊர். அங்கே கொளஞ்சியப்பர் கோயில் கொண்டிருக்கிறார். உருவம் இல்லாத முருகன் அவர். பலிபீடம் போன்ற கல்தான் மூர்த்தி. குறை உள்ளவர்கள் அதைத் தாளில் எழுதி, கொளஞ்சியப்பர் முன் வைத்து எடுத்து, முனியப்பர் சந்நிதியில் கொண்டுபோய்க் கட்டுவார்கள். பிராது கட்டுவது என்று பெயர். காரியம் முடிந்தால் சும்மா இருந்துவிடக் கூடாது. போய் வாபஸ் வாங்க வேண்டும். ராஜினாமா என்றும் சொல்வார்கள்.

அம்மா பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த பையன் சட்டென்று திரும்பினார். "ஆமா என்ன சொன்னாங்க? ஃபரியாத்தா?"

இல்லை, பிராது என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. ஃபரியாத். பிராது. ஒரே சொல். பாரசீகத்தில் முறையீட்டுக்குப் பெயர் அது. இந்திக்கு வந்தபோது ஃபரியாத் ஆனது; நவாபு காலத்துக் கச்சேரி வழியாகத் தமிழுக்கு வந்து பிராது ஆகிவிட்டது. மனு கொடுப்பவர் வாயில் அது தேய்ந்து, கோர்ட்டிலிருந்து கோயிலுக்குப் போய், வேலில் கட்டும் தாளுக்குப் பெயராகிவிட்டது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இமயமலைச் சரிவில் இன்னொரு தெய்வத்துக்கு எழுதும் தாளுக்கும் அதே பெயர். நான் அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். கல்வெட்டு படித்தவர்களுக்குக் கிடைக்கும் சந்தோஷம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குக் கொஞ்சம் தெரிந்தது.

அம்மாவுக்கு அந்தச் சந்தோஷம் இல்லை. அவர் வேறு ஏதோ யோசனையில் இருந்தார். "ஜெயிச்சா மணி கட்டுவாங்க சரி. எழுதுனதே தப்புன்னா என்ன பண்ணுவாங்க, கேளு" என்றார்.

கேட்டேன். பையன் கொஞ்சம் தயங்கினார். பிறகு சொன்னார். நியாயம் கேட்பது ஒன்று. இன்னாருக்குக் கெடுதல் வரட்டும் என்று கேட்பது வேறு. அதற்கு 'காத்' என்று பெயர். வயிறெரிந்து செய்வது. அது பலித்தால் சில சமயம் பேரன் பேத்திவரைக்கும் போகும் என்று பெரியவர்கள் சொல்வார்களாம். அதை எடுக்க வேண்டுமானால் கேட்டவரும் கேட்கப்பட்டவரும் ஒன்றாக வந்து நிற்க வேண்டும். ஒருவர் மட்டும் வந்தால் முடியாது.

நான் மொழிபெயர்த்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. காரில் ஏறி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதே சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போய், ஆர்தோலா என்ற இடத்தில் இறங்கும் கிளைச்சாலையில் மூன்று கிலோமீட்டர் போனால் ஜாகேஷ்வர். இறங்க இறங்க வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. மத்தியானம் இரண்டு மணி. மேகம் இல்லை. மரங்கள்தான். தேவதாரு. சாலையின் இரண்டு பக்கமும் நெட்டுக்குத்தாக நிற்கின்றன. அடிமரத்தைப் பார்த்துவிட்டு நுனியைப் பார்க்கக் கழுத்தை ஒடித்துத்தான் பார்க்க வேண்டும். ஊசியிலைகள் தனித்தனியாக இல்லை, சின்னச் சின்னக் குஞ்சமாகக் கிளையில் ஒட்டியிருக்கின்றன. கிளைகள் விரித்த தட்டுப்போல் அடுக்கடுக்காக. பட்டையில் கைவைத்தால் வெயில் காய்ந்த பலகை மணம் கையோடு வருகிறது.

தாருகாவனம் என்று நாம் சின்ன வயதிலிருந்து கேட்ட காடு இதுதான் என்கிறார்கள் இந்த ஊர்க்காரர்கள். தாரு என்றால் மரம். தேவதாரு, தேவர்களின் மரம். பிட்சாடனர் பிச்சைக்கு வந்தது, முனிவர்களின் ஆணவம் அழிந்தது, யானையை உரித்தது எல்லாம் நம் ஊரில் வழுவூரில் நடந்ததாகச் சொல்வோம். அவர்கள் இங்கே என்கிறார்கள். தாருகாவனத்து நாகேசம் என்ற ஜோதிர்லிங்கம் எது என்பதிலும் குஜராத்தின் துவாரகைப் பக்கம், மகாராஷ்டிரத்தின் அவுண்டா, இந்த ஜாகேஷ்வர் என்று மூன்று ஊர்கள் உரிமை கேட்கின்றன. எனக்கு இதில் தீர்ப்புச் சொல்ல ஆசையில்லை. ஆனால் அந்தக் காட்டுக்குள் நின்று பார்த்தவர்களுக்கு ஊர்க்காரர்களின் பிடிவாதம் விளங்கும்.

அந்தப் பிடிவாதம்தான் மரங்களையும் காப்பாற்றியது. 2024-ல் இந்தச் சாலையை அகலப்படுத்த ஏறக்குறைய ஆயிரம் தேவதாருக்களுக்குக் குறியிட்டார்கள். கோயில் கட்டடம் வேறு, காடு வேறு என்று நினைப்பவர்களுக்குத்தான் அப்படிக் குறியிட மனம் வரும். ஊர் எதிர்த்து நின்றது. மரமே சிவன், அவரை வெட்டி அவர் கோயிலுக்கு எதற்குச் சாலை என்று கேட்டார்கள். வேலை நிறுத்திவைக்கப்பட்டது. எங்கள் வண்டி எதிரே வந்த பேருந்துக்கு ஒதுங்கிப் பின்னால் போய் நிற்க வேண்டியிருந்தது. ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்க ஆயிரம் மரம் வேண்டாம். இன்னும் நூறு வருடத்துக்கும் அந்தச் சாலையில் பேருந்துகள் ஒதுங்கி நிற்கட்டும்.

ஜடாகங்கை என்று ஒரு சிற்றாறு. தாண்டிவிடலாம் போல ஒடுக்கம். அதன் கரையில் சுற்றுச்சுவருக்குள் சிறிதும் பெரிதுமாக 120-க்கும் மேற்பட்ட கற்கோயில்கள். ஏழாம் நூற்றாண்டிலிருந்து ஏழெட்டு நூறு ஆண்டுகளுக்குக் கட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். நம் கண்ணுக்குப் பழகிய அடுக்கு விமானம் இல்லை. வளைந்து உயரும் வடநாட்டுச் சிகரம். பெரிய கோயில்களின் உச்சியில் மரத்தால் குடைபோல ஒரு கூரை. பனி தாங்க. சில கோயில்கள் என் இடுப்பு உயரம்தான். உள்ளே ஒரு லிங்கம் மட்டும். விளக்கு இல்லை, பூ இல்லை. மாடத்தில் வைத்த மாதிரி இருக்கிறார். அம்மா ஒவ்வொன்றுக்கும் குனிந்து, "இருக்கியாப்பா" என்று பார்த்துக்கொண்டே நடந்தார். மூலக்கோயில் வாசலில் நந்தி, ஸ்கந்தி என்று இரண்டு காவலர்கள், ஆள் உயரத்துக்கு.

மிகப் பழைய கோயில் மிருத்யுஞ்சயருடையது. எமனை வென்றவர். நம் கணக்கில் திருக்கடையூர். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அங்கே அறுபதாம் கல்யாணம் செய்தோம். எழுபதுக்கு பீமரத சாந்திக்கும் மண்டபத்துக்குச் சொல்லி வைத்திருந்தோம். அப்பா 69-ல் போய்விட்டார். மூன்று வருடம் ஆகிறது. அம்மா அந்தச் சந்நிதியில் நிற்க மாட்டார் என்று நினைத்தேன். நின்றார். வெகுநேரம்.

வெளியே வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தபோது ஒரு பிணம் வந்தது. மூங்கில் பாடையில், பளபளப்பான துணி போர்த்தி, நாலு பேர் தோளில். கோயிலை ஒட்டி, ஆற்றங்கரையில், கண்ணுக்கு எதிரே இறக்கினார்கள். சுற்றுக் கிராமங்களுக்கு அதுதான் சுடுகாடு. கட்டைகளை அடுக்கினார்கள். கோயிலுக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது, பூசை நிற்கவில்லை. எங்கள் ஊரில் தெருவில் சாவு விழுந்தால் பிணம் எடுக்கும்வரை கோயில் நடை சாத்திவிடுவோம். அம்மா எழுந்துவிடுவார் என்று கையை நீட்டினேன். "இருடி" என்றார். புகை தேவதாருக்களுக்கு நடுவே நேராக மேலே போனது. இறந்தவரின் மகன்போல இருந்தவர் ஆற்றில் குளித்துவிட்டு, ஈரத்துணியோடு, சிதைக்கும் கோயிலுக்கும் நடுவில் இருந்த கல்லில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். எரிப்பதும் அபிஷேகமும் ஒரே ஆற்றுத் தண்ணீரில்.

"இதுதான் சரி" என்றார் அம்மா, கொஞ்ச நேரம் கழித்து. "எதுக்கு மறைக்கணும்?"

அன்றிரவு தங்கிய வீட்டில் கரி அடுப்பைக் கட்டிலுக்கு அருகில் வைத்துவிட்டுப் போனார்கள். போர்வைக்குள் இருந்தபடி அம்மா சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

1996-ல் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் கிணற்றுத் தகராறு. பொதுக்கிணறு, ஆளுக்கு மூன்று நாள் முறை. முறை தப்பி மோட்டார் போட்டதில் தொடங்கியது. கைகலப்பு, ஸ்டேஷன், கோர்ட். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாதது, அம்மா ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் மணவாளநல்லூர் போய்ப் பிராது கட்டிவிட்டு வந்தது.

"நியாயம் வேணும்னு எழுதலடி. 'அவனுக்குத் தண்ணி இல்லாமப் போவணும்'னு எழுதுனேன்."

நான்கு வருடத்தில் கிணறு வற்றியது. எங்கள் பக்கம் எல்லோரும் ஆழ்துளை போட்டுப் போட்டு எல்லாக் கிணறும் வற்றிய காலம் அது. எனக்குக் காரணம் தெரியும். அம்மாவுக்குத் தெரிந்த காரணம் வேறு. கிணறு சித்தப்பாவுக்கு மட்டும் வற்றவில்லை, எங்களுக்கும் சேர்த்துத்தான். வழக்கு எதற்காகவோ அதுவே இல்லாமல் போய், பிறகும் ஏழு வருடம் நடந்து, இரண்டு பேரும் களைத்துப்போய் ராஜி ஆனார்கள். பேச்சு மட்டும் இல்லை. அப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்த 22 நாளும் ராத்திரி ராத்திரி வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தது சித்தப்பாதான். என்னைப் போய்த் தூங்கு என்று அனுப்பிவிட்டு.

"நான் அதை இன்னும் வாபஸ் வாங்கலடி" என்றார் அம்மா. இருட்டில் முகம் தெரியவில்லை.

மூன்றாம் நாள் முழுக்கப் பயணம். காஸார் தேவியில் கொஞ்சம் நின்றோம். விவேகானந்தர் 1890-ல் வந்து தியானம் செய்த குகை இருக்கிறது; அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான் குமரிமுனைப் பாறைக்கு வந்தார். அங்கிருந்து பனிமலை வரிசையாகத் தெரியும் என்றார்கள். மேகம். வழியெல்லாம் சீர் மரக்காடு, பைன் இனம். கீழே பழுப்பு ஊசியிலை மெத்தையாகக் கிடக்கிறது, பிரூல் என்கிறார்கள். கோடையில் ஒரு பொறி விழுந்தால் போதும். 2024 ஜூனில் பக்கத்து பின்சர் காட்டில் தீயணைக்கப் போன வனப் பணியாளர்கள் அதில் சிக்கி இறந்தார்கள். பாஞ்ச் மரம், அதாவது ஓக், இருந்த இடத்தில் ஊற்று இருந்தது, சீர் வந்த இடத்தில் ஊற்று போனது என்று பையன் சொன்னார். அவர்கள் ஊர் நௌலாவும், ஊற்றைச் சுற்றிக் கல்லால் படிகட்டி மேலே கூரை வேய்ந்த கிணறு அது, வற்றிவிட்டதாம். அம்மா இதை மட்டும் இரண்டு முறை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார்.

கௌசானியில் இறங்கியபோது இருட்டிவிட்டது. மறுநாள் விடியலிலும் மேகம். வடக்கே சாம்பல் சுவர் போல நின்றது. சரி என்று பைஜ்நாத் போனோம். கோமதி நதிக்கரையில் கத்யூரி அரசர்களின் கோயில்கள். நீரில் பெரிய பெரிய மீன்கள்; யாரும் பிடிப்பதில்லை. பொரி போட்டால் வாயைத் திறந்துகொண்டு மேலே வரும். கருங்கல் பார்வதி அப்படியொரு அழகு, ஆபரணம் ஒவ்வொன்றும் எண்ணிப் பார்க்கலாம். அந்த ஊரின் பழைய பெயர் கார்த்திகேயபுரம் என்று சொன்னதும் அம்மா, "முருகன் ஊரா?" என்று மறுபடியும் உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார். கொளஞ்சியப்பர் நினைவுதான் என்று எனக்குத் தெரியும்.

சாயங்காலம் அனாசக்தி ஆசிரமம். 1929-ல் காந்தி இங்கே இரண்டு வாரம் தங்கி, கீதைக்குத் தான் செய்த மொழிபெயர்ப்பின் முன்னுரையை எழுதினார். பற்றின்மை பற்றிய நூல். வராந்தாவில் உட்கார்ந்து அவரும் இதே திசையைப் பார்த்திருப்பார்.

ஐந்தாம் நாள் கிளம்ப வேண்டும். நாலேமுக்காலுக்குக் கதவு தட்டும் சத்தம். பையன். "ஆமா! சாஃப் ஹை!" தெளிவாக இருக்கிறது.

மொட்டை மாடிக்கு அம்மாவைக் கைத்தாங்கலாக ஏற்றினேன். இன்னும் இருட்டு. ஆனால் வடக்கே வானத்தின் பாதி உயரத்தில் ஏதோ இருந்தது. மேகம் இருக்க வேண்டிய உயரத்தில். நான் மலையைக் கீழே தேடிக்கொண்டிருந்தேன். அது மேலே இருந்தது. நேரெதிரே திரிசூல், 7,120 மீட்டர், மூன்று சிகரம். 1907-லேயே மனிதன் ஏறிய மலை. ஏழாயிரம் மீட்டரைத் தாண்டி முதலில் ஏறியது அதில்தான். வலப்பக்கம் தள்ளி நந்தா தேவி, 7,816. இன்னும் கிழக்கே பஞ்சசூலியின் ஐந்து கூர். முதல் வெயில் நந்தா தேவியின் நுனியில் விழுந்தது. குங்குமத்தைத் தொட்டு வைத்தாற்போல ஒரு புள்ளி. பிறகு கீழே வழிந்தது. கீழே பள்ளத்தாக்கு முழுக்க இன்னும் கருநீலம், நாய் குரைக்கும் சத்தம், அடுப்புப் புகை.

"உலையிலேருந்து சோறு வடிச்சுக் கொட்டுனாப்புல இருக்குது" என்றார் அம்மா.

நந்தா தேவி இந்த ஊர்ப் பெண். சிவனுக்குக் கட்டிக்கொடுத்து மலைக்கு மேலே அனுப்பிய மகள். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை அவளைப் புகுந்த வீட்டுக்கு வழியனுப்ப ஊரே வாரக்கணக்கில் நடக்கிறது, நான்கு கொம்புள்ள ஆட்டுக்கடா முன்னே போக. 2014-ல் நடந்தது. அல்மோராவில் வருடாவருடம் ஆவணி வாக்கில் அவளுக்கு வாழைத்தண்டில் முகம் செய்து திருவிழா. பையன் இதைச் சொல்லும்போது அவர் அக்காவைப் பற்றிச் சொல்வது போலவே இருந்தது.

அம்மா திடீரென்று, "ஃபோனைக் குடு" என்றார். "உங்க சித்தப்பாவுக்குப் போடு. படம் தெரியறாப்புல."

மணி ஆறு. வீடியோவில் சித்தப்பா வந்தார், பனியனோடு, மாட்டுக் கொட்டகையில். "என்ன அண்ணி, இந்நேரத்துல? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

அம்மா ஃபோனை மலைப்பக்கம் திருப்பினார். கை நடுங்கியது. குளிரா, தெரியவில்லை. "தெரியுதா தம்பி?"

"வெள்ளையா என்னமோ தெரியுது. மேகமா?"

"மலை. பனி. அத்தனையும் தண்ணி" என்றார் அம்மா. "அத்தனையும் தண்ணிதான் தம்பி."

ஊர் வந்து சேர்ந்த பத்தாம் நாள், திங்கட்கிழமை, மணவாளநல்லூர் போனோம். சித்தப்பா வண்டியை வெளியே நிறுத்திவிட்டு முன்னால் வந்து நின்றார். வா என்று கூப்பிட்டதற்கு வந்துவிட்டாரே தவிர எதற்கென்று தெரியாது. முனியப்பர் சந்நிதியில் தாள்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. அம்மாவின் தாள் எப்போதோ மட்கிப் போயிருக்கும். அதனால் என்ன, கணக்கு இருக்கிறது. வெள்ளைத்தாள் ஒன்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அம்மா மண்டபத்தில் உட்கார்ந்தார்.

"என்ன அண்ணி, பிராதா? யார் மேல?" என்றார் சித்தப்பா.

"உங்க மேல கட்டுனது. இருவத்தஞ்சு வருசத்துக்கு மேல ஆவுது. வாபஸ் வாங்கணும்" என்றார் அம்மா. "நீங்களும் கூட நிக்கணும். பேனா வச்சிருக்கீங்களா?"

சித்தப்பா கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றிக் கொடுத்தார்.